புகைத்தண்ணி

திருத்தங்கல் நிறுத்தத்தில் இறங்கியதும் சங்கையா வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டார். பேருந்தின் பின்னால் போய், புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். சூடத்தட்டு முன்னால் நிற்கிறவர் முகம். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. வண்டி கிளம்பியதும், "எம்புட்டுச் சூடு! சும்மா போகுது பாருங்க" என்பார் பக்கத்தில் நிற்பவரிடம். பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்.

சரக்குக் கப்பலில் அவர் எஞ்சின் அறை ஆயிலர்; எந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் ஊர். கப்பலில் எஞ்சின் விடும் புகை, தண்ணீர்க் குழாய்களை உரசிக்கொண்டுதான் மேலே போயாக வேண்டும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி, எஞ்சின் எரிக்கும் தார் போன்ற எண்ணெயை இளக்கும். ஆட்களுக்குக் குளிக்க வெந்நீரும் தரும். "அங்கன புகைகூட வேல செய்யாம வாசலத் தாண்ட முடியாது" என்பார், கண்டிப்பான மாமியார் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

மனைவி பேச்சியம்மாளுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை. மாலையில் உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க வருவாள். பொடியோடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது. குளித்த பிறகுதான் அடுப்பு. ஆகவே குளிக்க வெந்நீர் கிடையாது. மார்கழியிலும் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெடவெடப்பாள். ஊரில் இருக்கும்போது சங்கையா போட்டுக் கொடுத்துவிடுவார். மற்ற ஒன்பது மாதம்? கடலில் ஓசி வெந்நீரில் குளிக்கும் மனிதருக்கு இது உறுத்தியது. லீவு முடிய இருபது நாள் இருந்தது.

மின்வெட்டுக் காலம். சுவருக்கு அந்தப்புறம் செழியனின் அச்சகம்; சாயங்காலம் கரண்டு போனால் ஜெனரேட்டர் அலறும். சங்கையா அதன் புகைக்குழாய்க்குள் செம்புக் குழாயைச் சுருட்டிச் செருகினார். ஜெனரேட்டர் மூச்சுமுட்டி இருமியது. முகமெல்லாம் கரியாக வெளியே வந்த செழியன் கேட்டான்: "அண்ணாச்சி, கப்பல் முங்குறது இப்பிடித்தானா?"

மறுநாள் செம்புக் குழாயைப் புகைக்குழாயின் வெளிப்பக்கமாகச் சுற்றி, ஒரு முனையில் தண்ணீர் விட்டார். சுவர் தாண்டி வீட்டுப் பக்கம் நீட்டியிருந்த மறுமுனையில் வெந்நீர் வந்தது, ஆவி பறக்க.

பேச்சியம்மாள் வாளியை மோந்து பார்த்தாள். "புகைத்தண்ணியா? எனக்கு ஆகாது."

"ஏ பேச்சி, புகையும் தண்ணியும் ஒண்ண ஒண்ணு பாக்கவே பாக்காது. நடுவுல செம்பு இருக்கு."

"பாக்காம எப்பிடிச் சூடேறும்?"

"நீ பேசாம இருந்தே எனக்கு ஏறலையா?"

"அப்ப அந்தச் சூட்டுலயே நீங்க குளிச்சுக்கிடுங்க. நாள் பூரா சூடு ஆகாதுங்கிற எடத்துல கெடந்துட்டு வாரேன், வீட்ல நீங்க சூட்டச் சேத்து வச்சிருக்கீக!"

வாளி முருங்கை மூட்டில் கவிழ்ந்தது. லீவு முடிகிறவரை முருங்கைதான் வெந்நீரில் குளித்தது. இலை கொட்டியது. சங்கையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குழாயைத் திரும்பிப் பாராமல் கப்பலுக்குப் போனார்.

செழியன் பிறகு சொல்லித்தான் தெரியும். கரண்டு போனால் ஊரே ஏசுகிறது. சங்கையா போன மறுவாரத்திலிருந்து, சாயங்காலமானால் சுவருக்கு மேல் மினுங்குகிற கை ஒன்று எழும்பி, செம்புக் குழாயைத் தொட்டுப் பார்க்கிறது. சில்லென்று கிடந்தால், அடுத்ததாகக் குரல் வருகிறது:

"ஏலே செழியா, இன்னைக்குக் கரண்டு போகாதாலே?"