கோல்கீப்பரை விடாமல் வைத்திருந்த பத்து நாள்

சென்னையில் புதிதாக ஒரு தொழில்முறை கால்பந்து கிளப் தொடங்குகிறார்கள், அதற்கு என் நண்பன்தான் தலைமைப் பயிற்சியாளர் என்பதை நான் ஃபேஸ்புக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் போன் செய்து சொல்லவில்லை. செய்திருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இருவரும் மயிலாப்பூரில் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அந்தக் கோயிலின் சார்பில் ஆடும் பங்கு அணிக்கு நான் பதினோரு வருடம் கேப்டன். அவன் பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்து எங்கள் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தவன். பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை. பிறகு நான் பள்ளியில் பி.டி. வாத்தியார் ஆனேன், கூடவே பங்கு அணியின் செயலாளரும் ஆனேன். அவன் வேலைக்கு லீவு போட்டு ஊர் ஊராகப் போய், பயிற்சியாளர் லைசென்ஸ் படிப்புகளை ஒவ்வொன்றாக முடித்தான். "பந்து உதைக்கறதுக்கு எதுக்குடா பரீட்சை?" என்று மொத்த அணியும் சிரிக்கும்படி கேட்டவன் நான். அந்த லைசென்ஸ் இல்லாதவனைத் தொழில்முறை கிளப்பில் கோடு போடக்கூட கூப்பிட மாட்டார்கள் என்பது அப்போது தெரியாது.

தொடக்க விழா தி. நகரில் ஒரு ஹோட்டலில், பங்கு அணிக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது. பணம் போடுகிறவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை நடத்தும் குடும்பம். ஜெர்சியைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வைத்து, முகூர்த்தப் புடவை மாதிரி மேடைக்கு எடுத்து வந்தார்கள். சிரிப்பதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன், பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெயில் காலத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற அவன் மைக்கைப் பிடித்து, "எனக்கு இந்த கேமைச் சொல்லிக்குடுத்த கேப்டன் அதோ உக்காந்துகினு இருக்காரு" என்று என்னைக் காட்டினான். எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். என் வாய் நிறைய சமோசா.

விழா முடிந்ததும் தோளில் கை போட்டான்.

"இன்னா மச்சி, சாப்ட்டியா? நம்ம கோல்கீப்பர் எனக்கு வேணும். ரிலீஸ் லெட்டர் குட்த்துடு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோட ரெஜிஸ்ட்ரேஷன் க்ளோஸ்."

ஒரு கிளப்பில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு கிளப்புக்குப் போக வேண்டுமானால் பழைய கிளப்பின் செயலாளர் எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம் அது. எங்கள் கோல்கீப்பருக்கு இருபத்தெட்டு வயது. அசோக் நகரில் கூரியர் வேலை. யூனிஃபார்மோடு நேராகப் பயிற்சிக்கு வருவான். இந்த வருடம் விட்டால் இன்னொரு கிளப் அவனைத் தேடி வராது. அது தெரிந்தேதான், "பாக்கலாம், கமிட்டி கூடணும்" என்றேன். எங்கள் கமிட்டி என்பது நானும் பங்குச் சாமியாரும்தான். அவர் நான் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

மறுநாளே கடிதத்தை எழுதி, சீல் குத்தி, பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோல்கீப்பர் கோயில் வாசலில் வந்து நின்றான்.

"சார், கமிட்டி எப்போ சார்?"

"ஃபாதருக்கு உடம்பு சரியில்லப்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பத்து நிமிடம் முன்னால்தான் அவரிடம் இருவரும் வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்கியிருந்தோம். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று பைக்கை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அவர்கள் ஆபீசுக்குப் போனேன். மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நேரம் முடியப்போகும்போது அவன் என்னிடம் கெஞ்சுவதைப் பார்க்கத்தான் போனேன்.

அவன் கெஞ்சவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் படித்து, "தேங்க்ஸ் மச்சி" என்றான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "அப்போ கீப்பர் பேரை அனௌன்ஸ் பண்ணிடலாமா சார்? அவரோட ரெஜிஸ்ட்ரேஷன் போன வாரமே முடிஞ்சிடுச்சே, இந்த லெட்டருக்குத்தானே நிறுத்தி வெச்சிருந்தோம்" என்றாள்.

"அதெப்படிம்மா முடியும்?" என்றேன்.

அவன் கண்ணைக் காட்டுவதற்குள் அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிவிட்டாள். கோல்கீப்பரின் பெயருக்கு எதிரே முந்தைய கிளப் என்ற இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஆட்டக்காரர்களின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியது செயலாளரின் வேலை. நான் அந்த வருடம் அதைச் செய்யவே இல்லை. எங்கள் கிளப்பில் இல்லாதவனைத்தான் பத்து நாளாக விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறேன்.

"அப்புறம் எதுக்குடா இந்த லெட்டரு?"

"விடு மச்சி. உன்கிட்ட வளர்ந்தவன் அவன். நீ குடுக்காம இட்டுக்கினு வந்தா நல்லாவா இருக்கும்? அவனும் அதையேதான் சொன்னான். சார் கையால குடுக்கட்டும், அதுவரைக்கும் என் பேரை வெளிய சொல்லாதீங்கன்னு."

அவன் பதவியைப் பார்த்து, கோட்டைப் பார்த்து, மேடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் என்றைக்காவது எனக்கும் கிடைத்துவிடும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. ஆனால் அவனைப் போல நடந்துகொள்ள எனக்கு வராது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. அதற்கும் பொறாமைதான் வந்தது.

கட்டிப் பிடித்திருக்கலாம். மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். "எங்க ஃபைலுக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்று செயலாளர் குரலில் சொன்னேன். அந்தப் பெண் எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவனே போய் எடுத்துவந்து கொடுத்தான்.