தளும்பத் தளும்ப ஒரு வீடு

சந்திரம்மாவுக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமைந்தபோது அதற்குச் சக்கரம் இருந்தது. ஸ்ரீ சிட்டியில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கட்டட வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டுப் பிழைத்தவள், சக்கரம் வைத்த பழைய இரும்பு அறை ஒன்றைப் புத்தூரில் வாங்கினாள். முன்பாதி சமையல், பின்பாதி படுக்கை, பின்கோடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. புருஷன் கன்னையா வாடகை டிராக்டரில் அதை ஸ்ரீ சிட்டிக்கு இழுத்துப் போவதாக ஏற்பாடு.

வண்டியின் நெற்றியில் 'இரண்டு டன்' என்று தகடு அடித்திருந்தது. "ரெண்டு டன் ஏத்தலாம்" என்றான் கன்னையா, ஏதோ அவனே செய்த வண்டி போல. அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு எல்லாம் ஏறின.

"புது ஊட்டுக்கு வெறுந்தொட்டியோட போவக் கூடாது" என்று சந்திரம்மா தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பினாள். நிறைகுடத்தோடு குடிபோகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? மகள் நளினி மூட்டைமேல் தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வராமல் சந்திரம்மா கதவைச் சாத்திவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டாள். முன்னால் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த கன்னையா இதைப் பார்க்கவில்லை.

நாகலாபுரம் தாண்டி ஓர் இறக்கத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு டிராக்டரையே அங்கும் இங்கும் இழுத்தது. பின்பாரத்தில் கொக்கி எகிறி எகிறி அடித்தது.

"பிரேக் போடுய்யா!"

"போட்டா மடங்கிக் கவுந்துடும்! நீ குதிச்சிடு!"

"நளினி உள்ள தூங்கிக்கினு கீறாய்யா!"

கன்னையாவின் முகம் செத்துப்போனது. உள்ளே மூட்டைகள் சரிந்தன. "அம்மா" என்று ஒரு குரல், அப்புறம் ஒன்றுமில்லை. சந்திரம்மாவுக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவதென்றுகூட ஓடவில்லை. கன்னையா பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே பிடித்துப் பிடித்து, இறக்கத்தின் அடியில் ஓர மணலில் ஏற்றி நிறுத்தினான்.

கதவைப் பிய்த்துத் திறந்தாள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் நளினி நெற்றி வீங்கி, அழக்கூடத் தெரியாமல் விழித்தாள்.

பின்னால் வந்த லாரி ஓட்டுநர் பாலையா இறங்கித் தகட்டைப் பார்த்தார். "இன்னா தம்பி, இது வண்டியோட சொந்த எடையும் சேத்துப் போட்டது. காலி வண்டியே ஒண்ணரை டன் வரும். தொட்டித் தண்ணி மட்டும் ஒரு டன், அதுவும் வால்ல!"

சந்திரம்மாவே குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் முழுதும் சாலையில் ஓடியது. கன்னையா பாதி மூட்டைகளைப் பாலையாவின் லாரியில் ஏற்றினான்.

"ஏறு, இனிமே இறக்கம் இல்ல" என்றான்.

அவள் ஏறவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். டிராக்டர் மெதுவாக முன்னே போனது.

"அம்மா, நம்ம ஊடு போவுது."

"போவட்டும்" என்றாள் சந்திரம்மா, பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு.