அத்தை அடித்த ஒட்டடை

வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் வயலைப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள். கையில் பால்கோவா, மனதில் பிறந்த வீட்டின் மானம்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான தேவதானத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வயல். வருஷம் முழுவதும் சோறு அதிலிருந்துதான் வரவேண்டும். போன வருஷம் அதைப் புகையான் பூச்சி அழித்திருந்தது. எள்ளளவுதான் இருக்கும், ஆனால் நெற்பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினால், நெருப்பு வைத்த மாதிரி வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் விவசாய ஆபீசர் வந்தார். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாடு என்று பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து நெல்லில் ஒரு பரிசோதனை நடத்துகிறார்கள், நம் பக்கத்திலும் ஒரு வயல் வேண்டும் என்றார். விதை அவர்களே தருவார்கள். ஒரே நிபந்தனை, பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.

அப்பா சரி என்றுவிட்டார். அடுத்த வயல் பெரியப்பாவுடையது. அவர் வாரம் தவறாமல் மருந்தடித்தார். அடித்து முடித்ததும் வரப்பில் நின்று எங்கள் வயலைப் பார்த்துச் சிரிப்பார்.

“ஏலே, பூச்சிக்குப் பந்தி விரிச்சு வச்சிருக்கியே, பாயாசம் எப்பம்லே?”

விருந்தாளிகள் வரும் அன்று விடியற்காலையில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். பனி இறங்கியிருந்தது. எங்கள் வயலில் தோகைக்குத் தோகை சிலந்தி வலை, ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பெரியப்பா வயலில் ஒன்றுகூட இல்லை. அத்தையின் முகம் சுருங்கிப்போனது.

“ஏட்டி, உங்க பெரியப்பா வயலு எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு! சீமையில இருந்து ஆளு வருது, எந்தம்பி ஒட்டடைகூட அடிக்காம வச்சிருக்கான்.”

விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் ஒட்டடைக்கம்புடன் திரும்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டாள். ஜீப் வந்து நின்றபோது வயல் துலக்கிவைத்த மாதிரி இருந்தது.

ஆபீசருடன் இறங்கியவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண் விஞ்ஞானி. குள்ளமாக, எங்கள் பக்கத்துப் பெண்களின் நிறத்திலேயே இருந்தார். ஆபீசர் வயலைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“அண்ணாச்சி, வலையெல்லாம் எங்க?”

“நான்தான் சுத்தம் பண்ணுனேன்” என்று அத்தை பெருமையாக முன்னால் வந்தாள்.

“அய்யோ அக்கா! இவிய கடல் தாண்டி வந்ததே அந்தச் சிலந்தியப் பாக்கத்தான்!”

அப்பா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கம்பில் சுற்றியிருந்த வலையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு தூரை விலக்கி உள்ளங்கையால் தட்டினார். தண்ணீர்மேல் நாலா பக்கமும் சின்னச் சின்னச் சிலந்திகள் ஓடின. அத்தையை அருகே அழைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

“ஆத்தாடி! பூச்சியை வாயில கவ்விக்கிட்டுல்லா ஓடுது!”

ஆபீசர் விளக்கினார். இவை வலை கட்டாமல் தூரிலேயே வேட்டையாடும் சிலந்திகள். மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான். தண்டுக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பித்துப் பொரிக்கும். அப்போது அதைத் தின்ன ஆள் இருக்காது.

அந்த அம்மா பெரியப்பா வயலிலும் ஒரு தூரைத் தட்டினார். சிலந்தி எதுவும் ஓடவில்லை. தவிட்டைக் கொட்டியதுபோலத் தண்ணீர்மேல் புகையான் விழுந்தது.

“நேத்துத்தான அடிச்சேன்” என்றார் பெரியப்பா, யாரையும் பார்க்காமல்.

அறுவடைக்குள் அவர் வயலில் பாதி தீய்ந்துபோனது. எங்கள் வயல் தலை சாய்த்து நின்றது. களத்தில் குவிந்த நெல்லைப் பார்க்கச் செட்டியார்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தானும் பிலிப்பைன்ஸ்காரியும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி என்று அத்தை பஸ்ஸில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். பெரியப்பா தாமே ஓலைப்பெட்டியோடு வந்தார்.

“விதைக்கு நெல்லு குடுலே. அப்படியே அந்தச் சிலந்தியிலயும் ரெண்டு புடிச்சுப் போடு.”

அன்றைக்கு அப்பா சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

போன மாதம் என் மகன் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இதற்குமேல் மருந்து வேண்டாம், தண்ணீர் ஆகாரம் கொடுத்துக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். வேறு ஏதாவது கொடுங்களேன் என்று அவர் பின்னாலேயே ஓடினேன். பையன் பிழைத்து எழுந்துவிட்டான். அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான், இத்தனை வருஷம் நினைத்தே பார்க்காத ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது.

ஜீப் வந்துபோன மறுவாரம். எங்கள் வயலிலும் புகையான் தென்பட ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியப்பாவின் மருந்தடிக்கும் மிஷின், கழுத்துவரை நிரப்பி மூடியிருந்தது. அப்பா அதன் வாரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், வயலைப் பார்ப்பார், மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

“என்னப்பா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல தாயி, சும்மா இருக்கேன்.”

பொழுது சாய்ந்த பிறகு, நிரப்பியது நிரப்பியபடியே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதுவரை, அவர் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.