பிளஸ் போட்ட பல்பு

காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் அறை பல்பு அணைந்து கிடந்தது. சுவிட்சைத் தட்டினேன். ஹோல்டரை அசைத்தேன். பக்கத்து அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பல்புதான் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பல்பு விற்றவன், ஒரு பல்பு போனதற்குக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

கழற்றிப் பார்த்தேன். கழுத்தில் செசிலியின் கையெழுத்து. தேதி மங்கிவிட்டது, அதற்கு முன்னால் அவள் போட்ட சிலுவை மட்டும் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மார்க்கர் மை வாசனை இத்தனை காலம் நிற்குமா என்ன? எனக்கு அடித்தது.

அதுதான் எங்கள் கடையின் வாசனை. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் ரோட்டில் நிற்க வேண்டிய எலெக்ட்ரிகல் கடை. நான் வயரிங் வேலைக்குப் போய்விடுவேன். கடையைப் பார்த்துக்கொண்டது என் மனைவி செசிலி. எல்.இ.டி. பல்பு விற்றால் கியாரண்டிக்காக அதன் கழுத்தில் தேதி எழுதித் தர வேண்டும். அவள் ஆவூர் மாதா கோயில் பக்கத்துப் பெண். மளிகைச் சீட்டானாலும் மேலே சிலுவை போடாமல் ஓர் எழுத்து எழுத மாட்டாள். பல்பை மட்டும் விடுவாளா? பெயருக்கு நானும் வேதக்காரன்தான். கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்தால் தூங்கிவிடுகிற ஜாதி.

பல்பின் கழுத்தில் இடம் ஏது? உற்றுப் பார்த்தால்தான் சிலுவையின் கீழ்க்கால் மற்றக் கால்களைவிட ஒரு நூல் நீளம் என்று தெரியும். ஒருநாள் அன்னவாசலிலிருந்து வந்த விவசாயி ஒருவர், வாங்கிய பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தங்கச்சி, இந்த பிளஸ்ஸு மேல வரணுமா, கீழ வரணுமா?"

டார்ச் லைட்டுக்கு பேட்டரி போட்டுப் பழகிய மனுஷர். செசிலி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கிட்டு மாட்டுனாலும் எரியுங்கண்ணே" என்றாள். அவர் பஸ் ஏறிய பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஊரில் போய் அவர் என்ன சொன்னாரோ, அந்தப் பக்கத்து ஆட்களெல்லாம் வந்து "பிளஸ் போட்ட பல்பு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுதான் நாள்பட உழைக்குமாம். நான் சிரித்தால் அவள் முறைப்பாள். "உண்மைதானே!"

ஒருமுறை கம்பெனி ஆள் ஒருவர் வந்து, ஜனங்கள் எதைப் பார்த்து இந்த பல்பை வாங்குகிறார்கள் என்று விசாரித்தார். கரண்ட் மிச்சம் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்திருப்பார். அதுவும் உண்டு. இலவச யூனிட்டுக்குள் நிற்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டு வீட்டில் குண்டு பல்பின் சூடு தாங்கவில்லை என்று வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அன்று கடையில் நின்ற மணமேல்குடிப் பெண் ஒருத்தி வேறு சொன்னாள்.

"அவுக சிங்கப்பூர்ல இருக்காக சார். பல்பு அடிக்கடி பீஸ் போனா ஸ்டூல்ல ஏறி மாட்ட நான் யாரக் கூப்புடுறது? அதான் ரொம்ப நாளு எரியிறதா வாங்குறேன்."

அவளுக்குத் தேதி எழுதிக்கொண்டே செசிலி, "ஆளில்லாத வீட்டுக்குத்தான் சார் இது ரொம்பப் போகுது" என்றாள். எனக்கு அது அப்போது ஒரு வியாபாரப் பேச்சாகத்தான் பட்டது.

பிறகு செசிலிக்கு உடம்பு முடியாமல் போனது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு அவளோடு வீட்டில் இருந்தேன். கண்ணைத் திறந்தால் இருட்டாக இருக்கக் கூடாது என்றாள். புது பல்பு ஒன்றை மாட்டப் போனேன். கை நீட்டி வாங்கி, மார்க்கரைக் கேட்டு, படுத்தபடியே சிலுவையும் தேதியும் போட்டாள்.

"நம்ம வீட்டுக்கு எதுக்கு செசிலி கியாரண்டி?"

"இருக்கட்டுங்க. பகல்லயும் எரியட்டும். கரண்டு ஒன்னும் இழுக்காது."

கடையில் பேசுகிற அதே குரல். அந்தக் குரலைக் கேட்டதும் பிழைத்துவிடுவாள் என்றே நம்பினேன். பைத்தியக்காரன்.

அவள் போன அன்றும் அது எரிந்துகொண்டிருந்தது. அதன்பின் நான் சுவிட்சைத் தொடவில்லை. மகள் வரும்போதெல்லாம், "பட்டப்பகல்ல எதுக்குப்பா லைட்டு?" என்பாள். "கரண்டு ஒன்னும் இழுக்காதும்மா" என்பேன். அணைப்பதற்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்படி இராப்பகலாக எரியவிடலாம் என்றுதான் இந்த பல்பை வாங்குவது என்று கம்பெனி ஆளுக்கு இப்போது நானே சொல்வேன்.

கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பல்பையும் ஜனங்கள் செல்போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். இந்த ஜில்லாவில் எத்தனையோ வீடுகளில், யாரும் அண்ணாந்து பார்க்காத இடத்தில், அவள் போட்ட சிலுவை தொங்கியது. ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயிருக்கும். என் கையில் இருந்ததுதான் கடைசி.

மத்தியானம் மகள் புது பல்போடு வந்தாள். மார்க்கரைத் தேடியெடுத்து, மாட்டுவதற்கு முன் கழுத்தில் ஒரு சிலுவை போட்டேன். எனக்குப் பழக்கமில்லாததால் கீழ்க்கால் நீளவில்லை. மகள் வாங்கிப் பார்த்தாள்.

"பிளஸ்ஸு மாதிரி இருக்குப்பா" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மாட்டிவிட்டேன். அவள் எழுதாத பல்பு. சுவிட்சை இன்னும் போடவில்லை.