கடைசியாக மாற்றிய நேரம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் வேலை பார்த்த நெட் கடையில், ஜன்னலோரக் கதிரையில்தான் கச்சேரி மிஸ் உட்காருவார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, மாவட்டத்து அரசாங்கக் கந்தோர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை திரையைப் பார்க்கவே மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்துத் தொலையுங்களேன் மிஸ் என்று மனதுக்குள் கத்துவேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் வலப்பக்கம் ஓடும் தேதிகளில் ஒன்றை மட்டும் பார்ப்பார். ஒரு பெருமூச்சு வரும். "சரி பிள்ளை, வாறன்" என்று எழுந்து கந்தோருக்குப் போய்விடுவார். அவ்வளவுதான் அவருடைய வேலை.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கச்சேரிக்கு மாற்றலாகி வந்து, கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் பேச்சைக் கேட்டால் இந்தியப் படம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார். "நீங்க பேசுறதுக்கு எனக்கு ஒரு ஆள் வச்சு விளங்கப்படுத்தணும் மிஸ்" என்று நானும் விடமாட்டேன். அவருடைய வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். மிஸ் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. எப்போதும் "இவர்"தான். சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. போன் ஒரு நாள் எடுக்கும், ஒரு வாரம் எடுக்காது. கடிதமோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே வெளியே போனவர்கள் திரும்பி வராத கதைகள் மட்டும் தவறாமல் வந்து சேரும்.

வாத்தியார் தன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்காக ஒரு இணையத்தளம் நடத்தினார். அதன் பைல்களெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கம்பியூட்டர் ஒன்றில் இருந்தன. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்த ஊர்க் கடையில் உட்கார்ந்தும் அவற்றைத் திறக்கலாம், திருத்தலாம். பைல்களை வரிசையாகக் காட்டும் அந்தப் பக்கத்தில் படமும் கிடையாது, பகட்டும் கிடையாது. ஒவ்வொரு பைலுக்கும் நேரே அதைக் கடைசியாக மாற்றிய நேரம் விழும். ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் வாத்தியார் தன் ஊர்க் கடைக்குப் போய் முகப்புப் பக்கத்தின் பைலைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் சேமித்துவிட்டு எழுந்துவிடுவார். ஈமெயில் எழுதினால் யாராவது எட்டிப் படிப்பார்கள் என்ற பயம். இதுவென்றால் பக்கத்துக் கதிரையில் யார் இருந்தாலென்ன, பள்ளிக்கூட வேலையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே மிஸ் திறந்தால் புது நேரம் தெரியும். அந்தக் கம்பியூட்டர் காட்டும் அமெரிக்க நேரத்தை விரல் விட்டு எண்ணி நம் நேரமாக்கி, "காலமை ஒன்பது மணிக்கு இருந்திருக்கிறார்" என்பார். புருஷன் பெண்சாதிக்குள் அதுதான் கடிதம். எனக்கும் அதே பழக்கமாகிவிட்டது. மிஸ் வர முன்னமே நான் எட்டிப் பார்க்க ஆசைப்படுவேன், ஆனால் பாஸ்வேர்டு அவருடைய விரலில்தான் இருந்தது.

ஒரு நாள் அந்த நேரம் மாறவில்லை. அடுத்த நாளும் இல்லை. நெட் இல்லாமல் இருக்கும், கடை பூட்டியிருக்கும், காய்ச்சலாக இருக்கும் என்று நான் காரணங்களாக அடுக்கினேன். பிறகு வாத்தியார் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடமிருந்து செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவர் போய்ச் சேரவில்லை. கொண்டுபோனது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மிஸ் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் தினமும் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார், அதே பழைய நேரத்தைப் பார்த்தார். நான் ஒருமுறை மௌஸைத் தொடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாமல் சேவ் பண்ணிப்போடாதையுங்கோ பிள்ளை. இவர் தொட்ட நேரம் அழிஞ்சு போயிடும்." மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. அறை எடுத்திருந்த தமிழ் ஆட்களையெல்லாம் விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மிஸ்ஸையும்தான். மறுநாள்தான் விட்டார்கள். வெளியே வந்தவர் குளிக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை, நேரே கடைக்கு வந்தார். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நேற்று நான் இல்லாமல் போயிருந்தால் இவருக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்? இவ்வளவு நாளும் நான்தான் பாத்துக்கொண்டிருந்தன். இவருக்குப் பாக்க ஒண்டுமே இல்லையே, பிள்ளை" என்றார். வேறொரு பைலைத் தொடலாமே மிஸ் என்று கெஞ்சினேன். "இவர் வந்தால் பாக்கிறது இதைத்தான்" என்றார். அவரை வைத்திருக்கிற இடத்தில் கம்பியூட்டரா இருக்கப்போகிறது என்று கேட்காமல் விட்டேன். மிஸ் பைலைத் திறந்து சேமித்தார். வாத்தியாரின் நேரம் போய், மிஸ்ஸின் நேரம் வந்தது. எனக்குத்தான் அழுகை தாங்கவில்லை, பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை ஒரு நாளும் அவர் தவறவில்லை.

அந்தக் கடை இப்போது செருப்புக் கடையாகிவிட்டது. போனை எடுத்தால் யார் எப்போது வந்து போனார்கள் என்று அதுவே சொல்கிறது, என் மகள் அதைப் பார்த்துத் தன் சிநேகிதிகளோடு கோபித்துக்கொள்கிறாள். நான் அந்த நேரங்களைப் பார்க்கும்போதெல்லாம் மிஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன். அவர் பிறகு ஊருக்கே மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அவருடைய "சரி பிள்ளை, வாறன்" என்பதை ஒருமுறை கேட்க வேண்டும்போல மனம் கிடந்து அடிக்கிறது. என்னைப் பெற்றவளுக்குக்கூட நான் இப்படி ஏங்கியதில்லை.

அன்றைக்குச் சண்டை முடிந்து பாதை திறந்ததும் மிஸ் லீவு போட்டு வாத்தியாரைத் தேடப் புறப்பட்டார். போகுமுன் பாஸ்வேர்டை என் காதில் சொன்னார். "வழியில எனக்கு நெட் கிடைக்காது. நான் போய்ச் சேரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒருக்கா சேவ் பண்ணிவிடுங்கோ. இடையில இவர் பாத்தால் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிடுவார்." சரி மிஸ் என்றேன், சொன்னபடி செய்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை கடைக்குப் போன் வந்தது. மிஸ்தான். மூச்சு வாங்கியது. போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை, ஒரு தகவலும் இல்லை என்றார்.

"இஞ்ச ஒரு கடையில பைலைத் திறந்தன். புது நேரம் விழுந்திருந்தது. கதிரையை விட்டு எழும்பிச் சத்தம் போட்டுட்டன், கடைக்காரன் பயந்துபோனான். உங்களிட்டைச் சொல்லிப்போட்டு வந்ததையே மறந்து போனன்" என்றார்.

அது நான் முதல் நாள் சேவ் பண்ணிய நேரம்.

"ஒரு நிமிசம் இவர் இருந்தார், பிள்ளை" என்றார் மிஸ்.