அண்ணாச்சி நின்ற வரிசை

என் மேசைமேல் இப்போது இருக்கும் பித்தளை மணி, பட்டிமன்ற நடுவரின் மணி. தலையில் ஒரு குமிழ். அதை உள்ளங்கையால் அமுக்கினால் 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். பேச்சாளருக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது என்பதற்கு முதல் மணி, முடிந்துவிட்டது என்பதற்கு இரண்டாவது மணி. எங்கள் குழுவில் நடுவராக இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், முழங்கால் வலி தாங்காமல் மேடையேறுவதை நிறுத்தியபோது இதை என் கையில் கொடுத்தார். குமிழின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அதைத் தேய வைத்ததில் பெரும்பங்கு எங்கள் எதிரணி அண்ணாச்சிக்கு உண்டு. மற்றவர்களுக்கு இரண்டு மணி போதும். அவருக்கு எத்தனை அடித்தாலும் பேச்சு நிற்காது. "மணி அடிக்கது உங்க சோலி ஐயா, பேசுதது என் சோலி. அவங்கவங்க சோலிய அவங்கவங்க பாப்போம்" என்பார். கூட்டம் கைதட்டும். நடுவர் தோற்றுப்போய் மணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

அண்ணாச்சி தென்காசியில் மைக்செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடைவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊரில் யார் குரல் உயர்ந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் உயரும். தன் குரலுக்கு மட்டும் மைக்கே தேவையில்லை என்று பெருமையடிப்பார். அடித்துவிட்டு மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்வார். நான் கடையநல்லூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. விடுமுறை நாள்களில் குழுவின் வேனில் சிவகிரி, கடையம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசிவிட்டு வருவோம். யார் எந்தப் பக்கம் என்பதை நடுவர்தான் பிரித்துக் கொடுப்பார். நமக்கு எதில் நம்பிக்கை என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்த பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். தலைப்பு எத்தனை மாறினாலும் அவரும் நானும் எதிரெதிரேதான் உட்கார்ந்தோம். அதனால்தான் அவர் எனக்கு எதிரணி அண்ணாச்சி.

ஒரு குற்றாலம் சீசனில் அந்தத் தலைப்பு வந்தது. நாட்டில் எல்லாருக்கும் அரசே செலவு செய்யும் ஒரே மருத்துவம் என்று வந்தால், அது மக்களுக்கு நன்மையா, தொல்லையா? நான் நன்மை அணி, அவர் தொல்லை அணி. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்த ஈரத்தலையோடும் தோளில் துண்டோடும் வந்து உட்கார்ந்திருந்த கூட்டம், நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே கேட்டது. நான் முதலில் பேசினேன். என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், ஆபரேஷனுக்கு முறை வரும்வரை நாங்கள் காத்திருந்ததையும், பிறகு அவள் எழுந்து நடந்ததையும் சொன்னேன். இருப்பவனும் இல்லாதவனும் ஒரே வார்டில் படுத்தால் அந்த வார்டு தானாகவே சுத்தமாகும் என்றேன். நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. மரியாதைக்குக் கைதட்டினால் என்ன அர்த்தம் என்று மேடையில் பேசுகிற எல்லாருக்கும் தெரியும்.

அண்ணாச்சி எழுந்தார். அவர் வாதமே செய்யவில்லை, ஒரு வரிசையை நடித்துக் காட்டினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வயிற்றுவலிக்காரராக நின்றார். "எனக்கு முன்னால நிக்கவரு மகளுக்கு மாப்பிள்ள தேடுதாராம். எனக்குப் பின்னால நிக்கவரு மகனுக்குப் பொண்ணு தேடுதாராம். நடுவுல நிக்கவன் நான், என்ன செய்ய? பேசி முடிச்சேன். பொண்ணு பாத்தாச்சு, வெத்தல பாக்கு மாத்தியாச்சு, கல்யாணமும் ஆயிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஏழாம் மாசம் வளைகாப்பும் வந்துட்டு. அன்னைக்குத்தான் ஐயா உள்ள இருந்து கூப்பிடுதாங்க, வயித்துவலிக்காரரு யாருன்னு!" சற்று நிறுத்தி, பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல, "வளைகாப்புச் சோறு சாப்பிட்டுட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றார். அரங்கு அதிர்ந்தது. மணியடிக்க வேண்டிய நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரணி என்பதை மறந்து நானும் சிரித்தேன். தீர்ப்பு வழக்கம்போல இரு பக்கமும் சாய்ந்தது. காத்திருப்பு குறைய வேண்டும், தரம் கூட வேண்டும், வாழ்க வளமுடன் என்று நடுவர் முடித்துவைத்தார். கூட்டம் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த வளைகாப்பை மட்டும்தான்.

அதன்பிறகு எந்த ஊரில் கூப்பிட்டாலும் அந்தத் தலைப்பையே கேட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் முன்சீட்டிலிருந்து பின்னால் திரும்பி உட்கார்ந்து அண்ணாச்சி வேறொரு பேச்சுப் பேசுவார். "உள்ளதச் சொன்னா டீச்சர், நியாயம் உங்க பக்கந்தான். எங்க அப்பா பிழைச்சு வந்தது கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதான். வரிசை நீளந்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காவ வரிசையே வேண்டாம்னு வச்சுக்கிடுங்க, துட்டு உள்ளவன்லா மொதல்ல உள்ள போவான்?" இதை மேடையில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "சொன்னா எவன் சிரிப்பான்?" என்றார். ஒருமுறை நடுவரிடமே போய், ஒரே ஒரு தடவை தன்னை நன்மை அணியில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அந்த வரிசை இல்லாம போனா எந்த ஊர்லயும் நம்மள வேன விட்டு இறங்க விடமாட்டாங்க ஓய்" என்று நடுவர் சிரித்து மழுப்பிவிட்டார். அண்ணாச்சியும் சிரித்தார். மனிதர் சிரிப்பை மறுக்கத் தெரியாதவர்.

அவர் நாற்காலிக்கடியில் எப்போதும் ஒரு பிளாஸ்க் இருக்கும், உள்ளே பனங்கற்கண்டு போட்ட வெந்நீர். முன்பெல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு மூடி குடிப்பார். பிறகு பேச்சின் நடுவிலேயே குடிக்க ஆரம்பித்தார். ஒரு வாக்கியம், ஒரு வாய் வெந்நீர், மறுபடி ஒரு வாக்கியம். சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னால் வேண்டுமென்றே காக்க வைக்கிறார் என்று கூட்டம் ரசித்தது. இளம் பேச்சாளர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தாங்களும் பிளாஸ்க் வாங்கிக்கொண்டார்கள். குரல் கரகரத்தது. சாப்பாடு தொண்டையில் நின்று நின்று இறங்கியது. தனியார் கிளினிக் ஒன்றில் உடனே பார்த்தார்கள். அந்த டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல், உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது, மருந்து கொடுத்து ஏமாற்ற விரும்பவில்லை, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். தள்ளிப்போடாமல் மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி போனார்.

அங்கே நடந்ததை வெகுநாள் கழித்து அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், எனக்குச் சொன்னார். சீட்டு வாங்கும் வரிசையில் அவர் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "ஏ, நம்ம பட்டிமன்றத்து அண்ணாச்சிலா! என் மவளுக்கும் ஒரு மாப்பிள்ள பாத்துச் சொல்லிட்டுப் போங்க" என்றிருக்கிறாள். வரிசை முழுக்கத் திரும்பியது. வளைகாப்பு எப்போது என்று ஒருவர் கேட்டார். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, ஒரே ஒரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி என்றார். அவர் சொன்னார். இருமல் உள்ளவர்களும் காய்ச்சல்காரர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் நின்ற அந்த வரிசையில், இறங்கிப்போன குரலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழுதையும் நடித்துக் காட்டினார். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஒருத்தரும் கேலியா சொல்லல. பிரியத்துலதான் சொன்னாவ. அதான் உங்க அண்ணாச்சியால தாங்க முடியல" என்றார் மதினி.

வீட்டில் அவர் சொன்ன காரணம் வேறு. "வரிசை பெரிசா கெடக்கு, பெறவு பாப்போம்" என்றாராம். மதினி நம்பினார். அந்த வரிசை எவ்வளவு பெரிசு என்று ஊருக்கே சொன்னவர் அவர்தானே, நம்பாமல் என்ன செய்வார்? பிறகு, பிறகு என்று அந்த மழைக்காலம் போயிற்று, தை போயிற்று. எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் உண்டு. ஊர் சிரிப்புக்குப் பயந்து உயிரை வீட்டில் பூட்டி வைத்த மனிதர்மேல் கோபப்படாமல் எப்படி இருப்பது? அவரை வரிசையில் பார்த்து ஆசையாகச் சிரித்தவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. அங்கே நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கடையத்தில் ஒரு கோயில் கொடையில் அவர் கடைசியாகப் பேசினார். அதே தலைப்பு. பொண்ணு பார்த்தாயிற்று, வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று, கல்யாணம்வரை வந்தார். வளைகாப்புக்கு முன்னால் பிளாஸ்கை எடுத்தார். குடித்தார். மறுபடி குடித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டதாக நினைத்து ஜனம் விசிலடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த நான் நடுவரின் கையைப் பார்த்தேன். முதல் மணியே அடிக்கவில்லை. அதுவரை அண்ணாச்சி மணிக்கு முன்னால் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மறுநாளே நானும் மதினியும் அவரைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கேயும் வரிசை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனுக்கு ஒரு காத்திருப்பு, ஆபரேஷனுக்கு ஒரு காத்திருப்பு, கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சுக்கு ஒரு காத்திருப்பு. மேடையில் அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், நர்சுகள் முகம் சுளிக்காதவர்கள், எங்களிடம் யாரும் பத்துப் பைசா கேட்கவில்லை. பரிசோதித்த பெரிய டாக்டர், குரல் கம்மிய உடனே வந்திருந்தால் குரலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார். மதினி தலையைக் குனிந்துகொண்டு, "இவிய வந்தாவ டாக்டர். எல்லாரும் சிரிச்சாவ. திரும்பிட்டாவ" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க வேண்டியவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

குரல்வளையை எடுத்த பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். தண்ணீருக்கு ஒரு தட்டு, எழுந்து உட்கார வேண்டுமென்றால் இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பள்ளிக்கூடக் கதைகளை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். அண்ணாச்சி டம்ளரைத் தட்டினார். தண்ணீர் எடுக்கப் போன மதினியைக் கையசைத்து நிறுத்தினார். என்னைப் பார்த்து மறுபடி தட்டினார். அப்போதுதான் புரிந்தது, எனக்கு நேரம் முடிந்துவிட்டதாம். கண்கள் மட்டும் சிரித்தன. நான் வார்டுக்கு வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அடுத்த சீசன் தொடங்கும் முன்னே அவர் போய்விட்டார். அவர் கடையிலிருந்தே குழாயைக் கொண்டுவந்து கட்டி, சாவு வீட்டில் பாட்டுப் போட்டார்கள்.

நடுவரான பிறகு அந்தத் தலைப்பை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. இந்த வருடம் குற்றாலத்தில் விழாக்காரர்கள் விடவில்லை. சாரல் பிந்தி வந்ததால் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. குளிக்கக் கிடைக்காத கூட்டமெல்லாம் அரங்குக்குள் வந்திருந்தது. மதினியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். தொல்லை அணியில் செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு இளம்பெண் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு முன்னால நிக்கவரு மகளுக்கு மாப்பிள்ள தேடுதாராம்" என்று தொடங்கினாள். யாரிடம் கேட்டுப் படித்தாளோ, அது யாருடையது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. என் உள்ளங்கை மணியின் குமிழ்மேல் போய்விட்டது. அவளுக்கு நேரம் நிறைய பாக்கி இருந்தது. இருந்தாலும் நிறுத்திவிடுவது என்றே முடிவு செய்து மதினியைப் பார்த்தேன்.

மதினி சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கை மணிமேல் இருப்பதைப் பார்த்ததும் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வளைகாப்பை முடித்தாள், அதற்குமேலும் ஏதேதோ பேசினாள். கடிகாரம் அவளுடைய நேரத்தைத் தாண்டிப் போயிற்று. அவளே சந்தேகப்பட்டு என் பக்கம் திரும்பி, "மணி அடிக்கலையே நடுவர் அவர்களே, நேரம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பேசு" என்றேன்.