லோஜினியின் மூன்றாவது நட்சத்திரம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து நிறுக்கும் கணக்குப்பிள்ளை, சின்னத்தம்பி. பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். தோட்டப் பாடசாலையின் பெண்கள் கால்பந்து அணிதான் அவருக்கு எல்லாம். எந்த ஆட்டத்தில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எழுதி வைப்பதும் அவர்தான்.

கொழும்பில் ஓர் இணையத்தளம் பாடசாலை வீராங்கனைகளுக்கு நட்சத்திரம் போட்டு வந்தது. ஆடிய நிமிடம், ஓட்டவேகம், உயரம், எடை, வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மூன்று நட்சத்திரம் இருந்தால்தான் கழகங்கள் தேர்வு முகாமுக்குக் கூப்பிடும். படிவங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டவர் சின்னத்தம்பி.

தடுப்பாட்டக்காரி லோஜினிக்கு இரண்டே நட்சத்திரம் வந்தது. செவ்வாய்க்கிழமை அவளுடைய பக்கத்தைப் போனில் திறந்தார். எடை 49. ஐம்பதுக்குக் குறைந்தால் தடுப்பாட்டக்காரிக்குப் புள்ளி விழாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் தராசில் பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுத்த அன்று நல்ல மழை. ஈரத்துக்கும் சாக்குக்குமாக, தோட்ட மேலாளரான துரை சொன்னபடி, கொழுந்தில் கழிக்கும் மூன்று கிலோவைக் கைப்பழக்கத்தில் பிள்ளைகளிலும் கழித்துவிட்டார். மற்றவர்களின் புள்ளி அதனால் குறையவில்லை.

தளத்துக்கு எழுதினார். உடனே பதில் வந்தது. பெற்றோர் முன்னிலையில் மறுபடி நிறுத்து, வெள்ளி மாலை நான்குக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். தில்லுமுல்லு தெரிந்தால் பாடசாலையின் பெயரே நீக்கப்படும்.

லோஜினியின் தாய் ஜெயந்தினி. பத்தொன்பது வருடமாகக் கொழுந்து பறித்து அவரிடம் நிறுக்கக் கொடுப்பவள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று சின்னத்தம்பி அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என் கொழுந்துல வெட்டினது பத்தாதுன்னு எம்புள்ளையிலயும் வெட்டினீங்களா, ஐயா?"

"தெரியாம நடந்துருச்சும்மா."

"போன கெழமை அவளுக்குக் காய்ச்சல். எளைச்சுப் போயிட்டா. இப்ப அம்பது இல்லாட்டி?"

சின்னத்தம்பி இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளி பகல் பன்னிரண்டரை, நாளின் இரண்டாவது கொழுந்து நிறுவை நேரம். மடுவம் நிறையப் பெண்கள். ஜெயந்தினி போனைப் பிடிக்க, லோஜினி தராசின் கொக்கிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். இலக்கங்கள் ஓடின. நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று, மறுபடி நாற்பத்தொன்பது.

"ஈரப் புள்ளையா, காஞ்ச புள்ளையா, ஐயா?" என்று ஒருத்தி கேட்க, மடுவமே சிரித்தது.

இலக்கம் நின்றது.

"சத்தமாப் படிங்க," என்றாள் ஜெயந்தினி.

"ஐம்பது கிலோ அறுநூறு." சின்னத்தம்பி படித்தார்.

மூன்று மணி பத்துக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. ஞாயிறு மாலை லோஜினியின் பக்கத்தில் மூன்றாவது நட்சத்திரம் வந்தது.

திங்கள் காலை பத்து மணி முதல் நிறுவைக்குப் போனவர், வரிசையில் முதலில் நின்ற ஜெயந்தினியிடம், "மூணு நட்சத்திரம் வந்துருச்சும்மா. முகாமுக்குக் கூப்பிடுவாங்க," என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

"இப்ப இதையும் அப்படியே படிங்க, ஐயா."

பின்னால் முப்பது பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கழிக்கச் சொன்ன துரையின் பங்களா மேலே தெரிந்தது. சின்னத்தம்பி தராசின் இலக்கத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு கிலோ எழுநூறு," என்று எதையும் கழிக்காமல் படித்தார். துரை கேட்டால் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.